யாருக்குச் சேவை, யாருக்குப் பாடம்?

முந்தின ஆண்டு டிசம்பரில் என் மகள் தன் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகக் கட்சிரோலி மாவட்டத்தில் ஒரு கோண்டு கிராமத்தில் ஏழு நாட்கள் தங்கிவிட்டு வந்தாள். நாக்பூரில் குடியேறி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்தப் பக்கம் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. காடு, கொசு, மலேரியா என்று அவள் அம்மா அந்த ஒரு வாரமும் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் பெண் வந்து பையை இறக்கி வைத்ததும் முதலில் சொன்ன விஷயமே வேறு. "அப்பா, அவங்க ஒண்ணு, ரெண்டு எண்ணுறதைக் கேட்டா நம்ம ஆச்சி எண்ணுற மாதிரியே இருக்கு" என்றாள்.

ரண்ட், மூண்ட், நாலுங் என்று எண்ணுகிறார்களாம். கண்ணும் கையும்கூட ஏறக்குறைய நம் சொற்கள்தாம். கோண்டி நம் தமிழுக்கு உறவுள்ள திராவிட மொழி; 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 30 லட்சம் பேர் பேசுகிறார்கள். மராத்தியோடும் இந்தியோடும் இத்தனை வருடம் மல்லுக்கட்டிய எனக்கு, நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் இப்படி ஓர் உறவு இருப்பது தெரியாமலே போயிற்று.

மறுநாள்தான் இன்னொன்றைச் சொன்னாள். முகாமில் இவர்களுக்கு ஆளுக்குப் பத்து வீடு ஒதுக்கி, ஆறு பக்கக் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை மாடு, கழிப்பறை உண்டா, வருமானம் என்ன என்றெல்லாம் எழுதி வரவேண்டும். ஒரு வீட்டில் ஒரு பாட்டி பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் உடைந்த மராத்தியில் கேட்டாராம்: "போன வருஷம் வந்த பிள்ளைகளும் இதையேதான் எழுதிக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். அந்தக் காகிதமெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது?"

இவளுக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரிக்குத் திரும்பியதும் விசாரித்திருக்கிறாள். துறை அலமாரியில் வருடவாரியாகக் கட்டிவைத்த கட்டுகள் அப்படியே இருந்தன. பொறுப்பாசிரியர் நல்லவர், உழைப்பவர். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அறிக்கை ஒன்று தயாரித்து மேலே அனுப்ப வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட வேலை. அதை அவர் செய்திருந்தார். கிராமத்துக்கு ஒரு பிரதி போகவேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பாட்டியின் கேள்வி எனக்குள்ளும் தங்கிவிட்டது. கிடைத்ததைப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். நம் சங்கக் குடும்பங்களில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு சமூகப் பணிக்கும் மதிப்புப் புள்ளிகள் உண்டு என்று ஆகிவருவதால், இன்றில்லாவிட்டால் நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையும் கேள்வித்தாளும் கையுமாக ஏதோ ஒரு பழங்குடிக் கிராமத்தில் நிற்கக்கூடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரும் பொருளும்

சேவைவழிக் கற்றல் என்று இதைத் தமிழில் சொல்லலாம். தானதர்மம் வேறு, சுற்றுலா வேறு, இது வேறு. ஊருக்குத் தேவையான ஒரு வேலையை மாணவர் செய்கிறார். அந்த வேலையிலிருந்து என்ன கற்றார் என்பதற்கு மதிப்பெண் பெறுகிறார். சட்டம் படிக்கும் மாணவி வன உரிமை மனுவை நிரப்ப உதவினால், அவர் கற்பது அந்தப் படிவத்தை மட்டுமல்ல. சட்டப் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது ஒரு குடும்பத்தின் நிலத்தில் என்னவாகிறது என்பதையும்தான்.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. நாக்பூருக்குப் பக்கத்திலேயே, வர்தாவில், 1937-இல் காந்திஜி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். அவருடைய நூற்றாண்டு நேரத்தில், 1969 செப்டம்பரில், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. 2014-இல் உன்னத் பாரத் அபியான் வந்து, உயர்கல்வி நிறுவனங்களைச் சுற்றியுள்ள கிராமங்களோடு இணைக்க முற்பட்டது. அமெரிக்காவில் 1960-களின் பிற்பகுதியில்தான் இந்தப் பெயரே புழக்கத்துக்கு வந்தது. அதற்கு உருக்கொடுத்தவர்களில் ஒருவரான ராபர்ட் சிக்மன் 1979-இல் மூன்று நெறிகளை வகுத்தார். சேவை பெறுபவர்களே அந்தச் சேவை எது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அதனால் அவர்கள் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் வல்லமை கூடவேண்டும். சேவை செய்பவரும் மாணவர்தான், தான் கற்க வேண்டியது எது என்பதில் அவருக்கும் பங்கு வேண்டும். முதல் நெறியை மட்டும் எடுத்துக்கொண்டு நம் முகாம்களைப் பாருங்கள். எத்தனை தேறும்?

பழங்குடி மக்களிடம் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நகரத்துச் சேரியில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தால் ரேஷன் கார்டுக்கோ வாக்காளர் பட்டியலுக்கோ இருக்கும் என்று நினைப்பார்கள். காட்டுக் கிராமத்தில் நோட்டுப் புத்தகத்தோடு வந்தவர்களோ பல தலைமுறைகளாக வனக் காவலர், நில அளவையாளர், சுரங்கக் கம்பெனி ஆள் என்று இருந்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டு போனபின் ஏதாவது ஒன்று கையைவிட்டுப் போவது அவர்களுடைய அனுபவம். அந்த வரிசையில் கடைசியாக நிற்பவர்கள் நம் பிள்ளைகள். அவர்கள் மனம் சுத்தமானதுதான். ஆனால் அது அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

எண்பது ஏக்கர் வாங்கியவர்கள்

படித்தவற்றில் என் மனதில் அதிகம் நின்றது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாமா என்ற சிற்றூருக்கு அருகே வாழும் மெஸ்குவாக்கி மக்களின் கதை. வெள்ளையர்கள் இவர்களை 'ஃபாக்ஸ்', அதாவது நரி, என்று அழைத்தார்கள். 1840-களில் அரசாங்கம் இவர்களை அயோவாவை விட்டு கான்சாஸுக்கு அனுப்பியது. சிலர் போகாமல் மறைந்திருந்தார்கள்; போனவர்களிலும் பலர் திரும்பி வந்தார்கள். 1857-இல் தங்கள் பழைய மண்ணிலேயே 80 ஏக்கரை 1,000 டாலர் கொடுத்துத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். அரசாங்கம் ஒதுக்கித் தந்த நிலம் அல்ல அது, கைக்காசு கொடுத்து வாங்கிய நிலம். இன்று அது 8,000 ஏக்கருக்கு மேல் பெருகியிருக்கிறது. ஊரைவிட்டு வந்து வேற்றூரில் ஒரு மனை வாங்க நாம் பட்ட பாட்டை நினைத்தால், சொந்த ஊரையே விலை கொடுத்து வாங்கியவர்களின் வைராக்கியம் புரியும்.

1948 கோடையில் சிக்காகோ பல்கலைக்கழகத்திலிருந்து ஆறு மானிடவியல் மாணவர்கள் அங்கே வந்தார்கள். அவர்களுடைய பேராசிரியர் சோல் டாக்ஸ், 1930-களில் தாமே அங்கு தங்கி மெஸ்குவாக்கி உறவுமுறைகளை ஆராய்ந்தவர். மாணவர்களுக்கு இட்ட வேலை எளிது: கள ஆய்வு செய்வது எப்படி என்று பழகிக்கொண்டு வரவேண்டும். பாருங்கள், கேளுங்கள், எழுதுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் அது சாதாரணக் கோடை அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து இளைஞர்கள் ஊர் திரும்பியிருந்த நேரம். அவர்களில் எட்டுப் பேரை அமெரிக்கப் படை மெஸ்குவாக்கி மொழியிலேயே ரகசியச் செய்தி அனுப்பப் பயிற்றுவித்திருந்தது. பள்ளியில் ஆங்கிலம்தான் உயர்வு என்று கற்ற பிள்ளைகளின் தாய்மொழி போர்க்களத்தில் ராணுவத்துக்குத் தேவைப்பட்டது! திரும்பி வந்தால் வேலை இல்லை. பள்ளிக்கூடமும் மருத்துவமும் எத்தனை நாள் அரசாங்க உதவியோடு நடக்கும் என்பதும் நிச்சயமில்லை. இந்த நிலையில், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து மாமன் மகளை என்ன முறையில் அழைப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்க மாணவர்களுக்கே கூச்சமாகிவிட்டது. ஏதாவது உதவலாமா என்று பேராசிரியரைக் கேட்டார்கள். அன்றைய மானிடவியலில் அது ஒழுங்கீனம். ஆய்வாளர் தலையிடக் கூடாது. டாக்ஸ் சரி என்றார்.

அப்படித் தொடங்கியது ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நீடித்தது. உதவுவதும் கற்பதும் சமமான இரண்டு குறிக்கோள்கள், ஒன்றுக்காக மற்றொன்றைப் பலியிடக் கூடாது என்பது டாக்ஸின் கொள்கை. முடிவெடுக்கும் உரிமை மக்களுடையது, வெளியாள் வழிகளை எடுத்துச் சொல்லலாம், தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதும் அதன் பகுதி. இதைச் 'செயல் மானிடவியல்' என்று அழைத்தார். பாடத்திட்டம் போட்டு வந்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பதை யோசித்துப் பாருங்கள். கோடை முடிவதற்குள் ஏதாவது ஒன்றைக் கட்டி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போக முடியாது. ஊர் ஒரு முடிவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்; வராவிட்டால் வெறும் கையோடு போகவேண்டும்.

மாணவர்கள் கண்டறிந்த முதல் விஷயமே அக்கம்பக்கத்து வெள்ளையர்களைப் பற்றியதுதான். இந்த இந்தியர்கள் இன்னும் கொஞ்ச காலத்தில் நம்மோடு கலந்து காணாமல் போய்விடுவார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். அரசாங்கமும் அப்படியே நினைத்து, எல்லாவற்றையும் தற்காலிக ஏற்பாடாக நடத்தியது. மெஸ்குவாக்கி மக்களுக்கோ அப்படி ஓர் எண்ணமே இல்லை. ஆகவே திருத்த வேண்டியவர்கள் யார் என்ற கேள்வி திசை மாறிற்று.

1955-இல், மெஸ்குவாக்கி இளைஞர்கள் கல்லூரியில் படிக்க உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டுகளில் 'டாமாகிராஃப்ட்' என்ற கைத்தொழில் முயற்சியும் உருவாகி, சார்லஸ் புஷெட்டோனெக்வா என்ற மெஸ்குவாக்கி ஓவியரின் வடிவங்கள் பதித்த ஓடுகள் விற்பனைக்கு வந்தன. அழகான பொருள்கள். ஆனால் பல்கலைக்கழகத்தார் விலகிய பின் தொழில் நிலைக்கவில்லை. படித்து வெளியே வந்தவர்களின் படிப்பு நிலைத்தது.

இந்த முயற்சியைப் புகழ்ந்தவர்களும் உண்டு, கேள்வி கேட்டவர்களும் உண்டு. டாமாவிலேயே வளர்ந்த வெள்ளையரான மானிடவியலாளர் டக்ளஸ் ஃபோலி 1999-இல் இதை மறுபரிசீலனை செய்தார். சாதித்ததாகச் சொன்னவற்றில் பல மிகை என்பது அவருடைய மதிப்பீடு. 2008-இல் ஜூடித் டாபன்மயர் எழுதிய நூல் மெஸ்குவாக்கி மக்கள் பக்கமிருந்து பார்த்தது. ஆய்வாளர்களின் மனதை மாற்றியதில் அந்த மக்களுக்கு இருந்த பங்கை அவர் எடுத்துக் காட்டினார். எனக்கு இரண்டாவது பார்வைதான் நெருக்கமாகப் படுகிறது. மாணவர்களைக் கூச்சப்பட வைத்தது யார்? அந்த மக்களும் அவர்கள் நிலையும்தானே.

அன்று எழுதிய குறிப்புகளெல்லாம் இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மானிடவியல் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கட்சிரோலிப் பாட்டி கேட்ட கேள்விக்கு, அந்த ஊரைப் பொறுத்தவரை, இதுதான் பதில்: பத்திரமாக இருக்கின்றன, ஆனால் ஊரில் இல்லை.

இரத்தமும் மொழியும்

அதே நாட்டில் அரிசோனாவில் நடந்தது வேறு ரகம். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்களிடையே நீரிழிவு மிக அதிகம். அதற்கு வழி தேட அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை நம்பி, 1990 முதல் இரத்தம் கொடுத்தார்கள். அதே இரத்தம் பின்னர் மனநோய் ஆராய்ச்சிக்கும், நெருங்கிய உறவில் மணம் நடக்கிறதா என்ற ஆராய்ச்சிக்கும், இவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆராய்ச்சிக்கும் போயிற்று. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தாங்கள் தோன்றினோம் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. 2003-இல் அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வேட்டு விளக்கத்தைக் கேட்கப் போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. 2004-இல் வழக்கு, 2010-இல் சமரசம். 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிஞ்சியிருந்த இரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தார்கள். நீரிழிவுக்கு உதவி கேட்டவர்களுக்கு வந்து சேர்ந்தது இதுதான்.

மனதுக்கு ஆறுதலான ஏற்பாடு ஒன்றும் உண்டு. கனடாவின் வான்கூவர் நகரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம், மஸ்குவியம் என்ற பூர்வகுடியினரின் நிலத்தில் நிற்கிறது. எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் எழுதிக் கொடுக்காத நிலம் அது. அவர்களுடைய மொழியைப் பிறந்ததிலிருந்து பேசி வளர்ந்தவர்கள் அரிதாகிப்போன நிலையில், 1997 முதல் பல்கலைக்கழகமும் மஸ்குவியம் சமூகமும் சேர்ந்து மொழி வகுப்பு நடத்துகின்றன. வகுப்பு அவர்களுடைய குடியிருப்பிலேயே நடக்கும். பல்கலைக்கழக மாணவரும் ஊர்க்காரரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். இதுபோக, 2001-இல் 'மஸ்குவியம் 101' என்றொரு தொடரும் தொடங்கியது. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஊருக்கு வந்து, ஊராரோடு சாப்பிட்டுவிட்டு, தங்கள் ஆராய்ச்சியை அவர்கள் முன்னால் விளக்குவார்கள்; ஊரார் கேள்வி கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சங்கக் கட்டிடத்தில் தமிழ் வகுப்பு நடத்தப் பத்துப் பிள்ளைகளைத் திரட்டப் படும் பாடு நமக்குத் தெரியும். ஒரு பல்கலைக்கழகமே வந்து பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதென்றால் அது சாதாரணச் சேவை அல்ல.

பக்கத்திலேயே ஒரு பாடம்

இதற்கெல்லாம் கனடா வரை போகவேண்டியதும் இல்லை. கட்சிரோலியிலேயே தனோரா தாலுகாவில் மேண்டா-லேகா என்ற கோண்டு கிராமம் இருக்கிறது. தில்லியிலும் மும்பையிலும் இருப்பது எங்கள் அரசுதான், ஆனால் எங்கள் ஊரில் நாங்களே அரசு என்பது அவர்களுடைய முழக்கம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீதான சமூக உரிமையை 2009-இல் பெற்றார்கள். நாட்டிலேயே முதலில் பெற்றவர்களில் அவர்களும் அடக்கம். 2011-இல் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து, மூங்கில் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபை கையில் கொடுத்தார்.

நம் விஷயத்துக்கு வேண்டியது அவர்களுடைய 'அப்யாஸ் கட்'. படிப்புக் குழு என்று பொருள். ஊரில் ஒரு கேள்வி எழுந்தால் அதைப் பற்றித் தெரிந்தவர்களை, வெளியாட்களையும் சேர்த்து, உட்காரவைத்துப் பேசுவார்கள். பேசுவது அங்கே, தீர்மானிப்பது கிராம சபையில், அதுவும் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான். வாக்கெடுத்து ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது என்று முடிப்பது கிடையாது. படித்த வெளியாளுக்கு அங்கே இடம் உண்டு, ஆனால் கேட்டால் சொல்பவராக. 1948-இல் சோல் டாக்ஸ் தட்டித் தடவிக் கண்டதை, இவர்கள் தங்கள் பக்கமிருந்தே முறையாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆக, பிள்ளை முகாமுக்குப் போகிறது என்றால் கொசுவர்த்தியும் குளோரின் மாத்திரையும் எடுத்து வைப்பதோடு, பெற்றோராகிய நாம் கல்லூரியில் சிலவற்றைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஊரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? ஊரார் என்ன கேட்டார்கள்? ஐம்பது பிள்ளைகள் ஒரு வாரம் குளிக்கவும் சமைக்கவும் தண்ணீர் எந்த அடிபம்பிலிருந்து, விறகு யாருடைய காட்டிலிருந்து? அடுத்த வருடமும் இதே ஊருக்குத்தான் போவீர்களா? பொறுப்பாசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களில் பலர், யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்.

என் மகளும் நான்கு சிநேகிதிகளும் மூன்று வருடக் கட்டுகளையும் அலமாரியிலிருந்து எடுத்து, இரண்டு மாதம் உட்கார்ந்து, நான்கு பக்க மராத்திச் சுருக்கமாக எழுதினார்கள். வீட்டுக்காரர்களின் பெயரும் வருமானமும் அதில் இல்லை. ஊருக்குப் பொதுவான விஷயங்கள் மட்டும்தான். சென்ற டிசம்பரில் ஆசிரியரின் சம்மதத்தோடு, முகாமின் முதல் நாள் மாலையில் ஊர்க்கூட்டத்தில் அதைப் படித்தார்கள். ஊர்ப் பையன் ஒருவன் கோண்டியில் சொல்லச் சொல்ல, எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கிணறுகள் மூன்று என்ற இடம் வந்ததும் அந்தப் பாட்டி எழுந்து, "இரண்டுதான். ஒன்று வற்றி நாலு வருஷம் ஆச்சு" என்றாராம். மூன்று வருடமும் யாரும் போய்ப் பார்க்காமல், முந்தின தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இவர்கள் அங்கேயே பேனாவை எடுத்துத் திருத்தினார்கள். அந்தக் கிணற்றைத் தூர் வாரலாமா என்று ஊரார் அன்றிரவு பேசத் தொடங்கி, மறுநாளும் பேசி, கிராம சபையில் வைத்து முடிவு செய்யலாம் என்று விட்டிருக்கிறார்கள். பிரதி ஒன்று இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.